ஒரு லட்சம் ஸ்லோட்டி

நானும் ஒருமுறை லட்சாதிபதியாக இருந்திருக்கிறேன். எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் ஹோர்சன்ஸில், முழுதாக நான்கு நாட்கள்.

கோழித் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் ஒரு போலந்துக்காரர். நாங்கள் இருவரும் கதைத்த டேனிஷைக் கேட்டால் டேனிஷ்காரருக்கே தங்கள் மொழி மறந்துபோகும். ஊரில் அவருடைய மகளுக்குக் கல்யாணமாம், அனுப்புவதற்குத் தங்கத்தில் ஏதாவது வேண்டுமாம். என்னிடம் ஒரு காப்பு இருந்தது. மன்னாரிலிருந்து வெளிக்கிட்டபோது மனைவி தன் சோடிக் காப்பில் ஒன்றைக் கழற்றித் தந்திருந்தாள். அவளையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் இங்கே கூப்பிட என்னிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

சம்பளக் குரோனரெல்லாம் வீட்டுக்கு அனுப்பிய சாமானில் போய்விட்டது, ஊரிலிருந்து கொண்டுவந்த காசுதான் இருக்கிறது என்று சொல்லி, அவர் ஒரு லட்சம் ஸ்லோட்டியை மேசையில் வைத்தார். ஸ்லோட்டி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். வாயைத் திறந்து தன் தங்கப் பல்லைத் தொட்டுக் காட்டினார்.

இது போதாதா? தங்கத்தையே ‘பவுன்’ என்று காசின் பெயரால் அளக்கிற இனத்தில் பிறந்தவன் நான். வெள்ளைக்காரனின் பவுன் எங்களுக்குத் தங்கமானதுபோல இவர்களுக்குத் தங்கமே காசாகியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஒரு ஸ்லோட்டி அரைக் குரோனர் போனால்கூட ஐம்பதாயிரம். அந்த அப்பாவிக்காக உண்மையாகவே இரக்கப்பட்டேன். ஆனாலும் அவர் மனம் மாறுவதற்குள் காப்பை அவர் கையில் திணித்தேன். குறைத்துத் தந்துவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பழைய வெள்ளிக் காசு ஒன்றையும் மேலே வைத்தார்.

நான்காம் நாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் நோட்டுக் கட்டை இரண்டு விரலால் திருப்பித் தள்ளினாள். இந்தக் காசு போலந்துக்கு வெளியே செல்லாது என்றாள். போலந்துக்கே கொண்டுபோய் மாற்றலாமா என்று கேட்டேன். அதற்கும் அந்த நாட்டுச் சட்டம் விடாதாம். வெளியே வந்ததும் குற்றம், உள்ளே போவதும் குற்றம். அகதி விண்ணப்பம் போட்டவனுக்குப் பழக்கமான சட்டம்தான்.

பக்கத்துப் பெரிய நகரமான ஓகூஸில் பழைய நாணயம் வாங்கும் கடைக்கு ரயில் ஏறினேன். கடைக்காரர் அந்த வெள்ளிக் காசை மட்டும் எடுத்துக்கொண்டு ரயில் செலவு கட்டுகிற அளவுக்குத் தந்தார். புது நோட்டுக் கட்டைப் பார்த்து, இதுவும் ஒருநாள் பழசாகும், அப்போது கொண்டுவா என்றார்.

போலந்துக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அந்தக் கட்டு போலந்தில் அவருடைய நான்கு மாதச் சம்பளமாம். காப்பு ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டது. ஏமாற்ற நினைத்தவன் நான்தான், அவரல்ல. வெட்கத்தில் இரண்டு கிழமை மனைவிக்குக் கடிதம் எழுதவில்லை. பிறகு நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன்.

பதிலில் ஒரு திட்டுக்கூட இல்லை. “மற்றக் காப்பை வித்துத்தான் ஏஜென்சிக்காரனுக்கு முதல் காசு குடுத்தனான். மிச்சத்துக்கு உங்களிட்ட இருக்கிறதைத்தான் நம்பியிருந்தனான். பரவாயில்லை, உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ” என்று எழுதியிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த மிச்சத்தைச் சேர்க்க எனக்கு நான்கு வருடம் பிடித்தது. விமான நிலையத்தில் மகள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை ‘மாமா’ என்று கூப்பிட்டாள்.