வலி குறைந்தது, நோய் குறையவில்லை

முதலில் என் மனைவி ஜமீலாவுக்கு முதுகு வலித்தது. மார்பில் புற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, உத்திரமேரூரில் எங்கள் வாளி, கயிற்றுக் கடையை மறுபடியும் திறந்திருந்த நேரம். வாளிகளை இறக்கி வைத்ததால் வந்த வலி என்று தைலம் தேய்த்தேன்.

சென்னையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் மெட்டாஸ்டாசிஸ் (புற்று வேறு உறுப்புக்குப் பரவுவது) என்றார். முதுகெலும்புக்குப் போய்விட்டதாம். இனி குணமாகாது, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு டாக்டரம்மா எங்கள் பின்னால் வந்தார். சாந்தி என்று பெயர். பேலியேட்டிவ் மெடிசின் (குணமாகாத நோயிலும் வலியைத் தணிக்கும் மருத்துவம்) படிப்பதாகச் சொன்னார்.

"டாக்டரான பொறவும் படிப்பா?" என்றேன்.

"ஆமா பாய். குணமாகாதவங்களுக்கு என்ன பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித்தரல. இப்பத்தான் கத்துக்கறேன்."

என் மனைவிக்கு இது வைத்தியமா, இவருக்குப் பாடமா? எனக்கு விளங்கவில்லை.

அவர் வீட்டுக்கே வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து ஜமீலாவை நெடுநேரம் பேசவிட்டார். பிறகு மார்ஃபின் (கடும் வலிக்கான அபினி வகை மருந்து) கொடுத்தார். அபினி என்றதும் பயந்தேன். ஆனால் அவள் தூங்கினாள். ஆட்டுக்கால் பாயா கேட்டாள். கடைக்கு வந்து காவாந்தண்டலத்து விவசாயி ஒருவரிடம் கயிற்றுக்குப் பேரம் பேசினாள்.

"கொறைஞ்சிக்கினு வருதா டாக்டரம்மா?"

"வலி குறைஞ்சிருக்கு பாய். நோய் குறையல."

முதல் பாதி மட்டுமே என் காதில் விழுந்தது. மறுபடியும் ஸ்கேன் எடுக்கலாம் என்று ஜமீலாவிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியுங்க. நீங்கதான் பேஜார் பண்ணிக்கினு கீறீங்க. இன்னிக்கு வலி இல்ல. அத்தப் பாருங்க."

மழைக்காலம் முடியுமுன் போய்விட்டாள். வேதனைப்படவில்லை.

சில மாதம் கழித்து, தன்னைப்போல் இதைப் படிக்க வந்திருந்த மருத்துவர்களிடம் பேச சாந்தி என்னை அழைத்தார். ஒருவர் கேட்டார்: "உண்மையை உங்ககிட்ட எப்ப சொல்லியிருக்கணும்?"

"மொதல்லயே சொன்னாங்க. எனக்குத்தான் ஏறல. ஒரு தபா சொன்னா பத்தாது. சொல்லிக்கினே இருங்க."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். சரியாகச் சொன்னேனா, தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படியொரு நல்ல வாரம் வந்தால், அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று என்னால் சொல்ல முடியாது. அந்த மாதங்கள் எனக்கு இன்னும் நீண்டவையா குறுகியவையா என்றே பிடிபடவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். வெகுநேரம் வரவில்லை. எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. வலியில்லாமல் இருப்பது என்று ஒன்று உண்டு என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தேன்.