விலிஸ் கட்டிய எழுநூறு சிசி இன்ஜின்

எங்கள் ஊர் சைடுகார் பந்தயச் சங்கத்துக்கு நாற்பது வயது ஆகிறதாம், மலர் போடுகிறார்களாம். விலிஸைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் வேஸ்மா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நாற்பது கெட்ட வார்த்தை என் நாக்கு நுனியில் நிற்கிறது. அதையும் சேர்த்துத்தான் அச்சடிக்க வேண்டும்.

விலிஸ் என் கணவர் கைடிஸின் தம்பி. கூட்டுப்பண்ணைப் பட்டறையில் லேத் ஓட்டியவன். பண்ணை கலைந்தபோது மற்றவர்கள் மாட்டையும் டிராக்டரையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். இவன் அந்த லேத்தை எங்கள் கொட்டகைக்கு இழுத்து வந்தான். கல்யாணம் இல்லை. பேச்சும் இல்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு. இந்த ஊமைத்தனத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

நான் சொல்லப்போவது இருபது வருடத்துக்கு முந்தைய கதை. பக்கத்துப் பண்ணை உல்டிஸ் மோட்டார் சைக்கிளை ஓட்டுவார், கைடிஸ் அதன் பக்கத்தில் பூட்டிய சைடுகாரில் தொங்குவார். வளைவில் முதுகு மண்ணை உரச வெளியே சாய்வதும், மேட்டில் வண்டி பறக்கும்போது பின்னால் பாய்வதும் அவர் வேலை. இன்ஜின் நடுவில் நின்றால் முதலில் பறப்பது அவர்தான். அந்த வருடம் ஐந்நூறு சிசி இன்ஜினை விலிஸ் எழுநூறாகப் பெருக்கினான். பெரிய சிலிண்டர், பெரிய பிஸ்டன், புது பேரிங், புது சீல். ஏப்ரல் கடைசியில் வண்டி தயார்.

ஓட்டிப் பார்த்த முதல் நாளே இன்ஜின் பிடித்துக்கொண்டது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் அடிவயிற்றுக்குள் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால் போதும், பெட்ரோல் வறண்டு பிஸ்டன் காய்ந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பிஸ்டன் சுழற்றுகிற கிராங்கின் தண்டு வெளியே வருகிற இடத்தில் அந்தக் காற்றைத் தடுப்பது சீல். விலிஸ் சீலை மாற்றினான். மறுபடி பிடித்தது. இரட்டை உதடு வைத்த சீல் போட்டான். மே மாத முதல் பந்தயத்தில், பெரிய மேட்டில் ஏறும்போது, மூன்றாம் முறையாகப் பிடித்தது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி தலைகுப்புற விழுந்தது. கைடிஸுக்குத் தோள்பட்டை எலும்பு ஒன்று, விலா எலும்பு இரண்டு முறிந்தது.

"ஜூன்ல ஏறிடுவேன்டி," என்றார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டே.

"எதுல ஏறுவீங்க? பாடையிலயா?" என்றேன்.

சிரிக்கப் போய் வலியில் முகம் கோணினார். ஏறத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதரை நிறுத்த முடியாது. நிறுத்த முடிந்தது அந்த இன்ஜின் பிடித்துக்கொள்வதை மட்டும்தான். நேராகக் கொட்டகைக்குப் போனேன்.

விலிஸ் இன்ஜினின் அடிப்பாகமான அலுமினியக் கூட்டை மேசையில் வைத்து, துவாரங்களையெல்லாம் ரப்பரால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தான். காற்று கசிந்தால் அங்கே குமிழி வரும்.

"வரல அண்ணி. ஒரு குமிழி கூட வரல. சீல் நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா உங்க அண்ணன் ஏன்டா எலும்பு முறிஞ்சு கெடக்காரு? ரெண்டு சீல் மாத்திட்ட. இன்னும் இருபது மாத்துவ, நான் தாலியறுத்துட்டு நிக்கணுமா?"

அவன் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பந்தயத்துல ஓடுற இன்ஜின் இப்படித்தான் ஜில்லுன்னு இருக்குமா? ரொட்டி வெந்திருச்சான்னு பச்சை மாவைத் தொட்டுப் பாப்பியா நீ? சூடாக்கிப் பாருடா, மடையா!"

அவன் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தான், ஜன்னல் வழியாக என் சமையலறையைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். "அதுக்கு உங்க ரொட்டி அடுப்பு வேணும் அண்ணி," என்றான். அதைக் கேட்க அவன் ஏன் அவ்வளவு தயங்கினான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இன்ஜின் கூட்டை அடுப்பில் வைத்து, நூறு டிகிரி ஏறியதும் துணி சுற்றித் தூக்கி என் சாப்பாட்டு மேசையிலேயே வைத்தோம். காற்றடித்தான். நான் சோப்புத் தண்ணீர் தடவினேன். வலது பக்கச் சீலின் மேல் ஓரத்தில் பொட்டுப் பொட்டாகக் குமிழி கிளம்பியது. எனக்கு ஒரே வெறி. "இதோ! இதோ பாரு!" என்று கத்தினேன்.

விலிஸ் சீலைப் பிடுங்கினான். உதடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. கூட்டைப் பிரித்தான். தண்டைத் தாங்குகிற பேரிங், அலுமினியத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியது, துணி சுற்றிய விரலால் தொட்டதும் கழன்று அவன் கைத்துணியில் விழுந்தது. அது உட்கார்ந்திருந்த குழியில் நீளநீளமாகக் கீறல். கூடு குளிர்ந்திருக்கும்போது எப்படியோ பிடித்துக்கொண்டிருக்கிறது. சூட்டில் அலுமினியம் விரிந்ததும் பேரிங் ஆட, தண்டு ஆட, சீல் பாவம் என்ன செய்யும்? அதைப் போய் இரண்டு முறை மாற்றியிருக்கிறான்.

"சூடாக்கி வச்சா பேரிங் தானா இறங்கும்னு நீதானே சொல்லுவ? இது சுத்தியால அடிச்சு எறக்கின மாதிரியில்ல இருக்கு? எந்தக் கழுதை இப்படி அடிச்சது?"

"நான்தான்."

"ஏன்டா?"

அவன் தரையைப் பார்த்தான். "அன்னிக்கு உங்க பேர் நாள் அண்ணி."

அவன் இன்ஜின் கட்டிய நாட்களில் வந்த என் பேர் நாள் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் பேர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் சில பேர் போட்டிருக்கும்; நம் பேர் வருகிற நாளில் தாமாகவே பூவோடு வந்து நிற்பார்கள், மேசை நிறைந்திருக்க வேண்டும். அன்று முற்றத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள், கறி வைத்துச் சுடுகிற என் பீராகி ரொட்டி இன்னும் பச்சை மாவாகத் தட்டில் கிடந்தது. அடுப்பைத் திறந்தால் உள்ளே இவனுடைய இன்ஜின் கூடு. "என் மானத்தை வாங்குறதுக்குன்னே வச்சியாடா இந்த இரும்பை?" என்று கத்தி, வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகாததை வெளியே தூக்கி வைத்தது நான். அவன் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனான். பாதிச் சூட்டில் பேரிங் இறங்கவில்லை. அடித்து இறக்கியிருக்கிறான்.

"வாயைத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! இன்னும் அரை மணி நேரம் வேணும் அண்ணின்னு!"

"நீங்க கத்திட்டு இருந்தீங்க."

"அப்புறமாவது? சாயங்காலம் மறுபடி சூடாக்கியிருக்கலாமே!"

"உக்காந்துடுச்சுன்னு நெனச்சேன்," என்றான். அந்த நினைப்புக்கு அவனை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

குழியைக் கடைந்து, உள்ளே வளையம் ஒன்று இறக்கி, மறுபடி அளவுக்குக் கொண்டுவர அவனுக்குப் பத்து நாள் பிடித்தது. பேரிங் பொருத்துகிற நாள் பார்த்தால், மே கடைசியில் அவனுடைய பேர் நாள்! சங்கத்து ஆட்கள் பூவும் பாட்டிலுமாக வாசலில் வந்து நின்றார்கள். மேசையில் ஒரு வெள்ளரிக்காய்கூட இல்லை.

"என்ன வேஸ்மா, பீராகி வாசனையே காணோம்?"

"அடுப்புல இன்ஜின் வேகுது. பசிச்சா போய்ப் புல்லு மேயுங்க!"

அடுப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் ஒருவரையும் கிட்டே விடவில்லை. விலிஸ் கூட்டை எடுத்து மேசையில் வைத்து, சுருங்கட்டும் என்று குளிர்பெட்டியில் உறைந்த காளானுக்கு நடுவே போட்டிருந்த பேரிங்கை எடுத்துக் குழிமேல் வைத்தான். கையை எடுத்தான். டொக். தானாக இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதற்கும் சேர்த்து அவனைத்தான் திட்டினேன்.

ஜூன் பந்தயத்தில் கைடிஸ் ஏறினார். ஏழாவதாக வந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அந்த இன்ஜின் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை.

ஆனால் சங்கத்தில் உங்களுக்கு ஒரு கேலி இருக்கிறது. புது இன்ஜின் யார் கட்டினாலும், "விலிஸ் கை பட்டுச்சா? அப்ப எலும்பைப் பாத்துக்கப்பா" என்பீர்கள். இருபது வருடமாகச் சொல்கிறீர்கள். அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. கைடிஸும் சேர்ந்து சிரித்திருக்கிறார். நானும் தட்டு நீட்டிக்கொண்டே சும்மா நின்றிருக்கிறேன், வெட்கம் கெட்டவள்.

அந்தக் கூட்டை அடுப்பிலிருந்து எடுத்தவள் நான். கைடிஸுக்கே இதைப் படிக்கும்போதுதான் தெரியும். நாலு நல்ல வார்த்தை கேட்டீர்கள் அல்லவா, இதைத்தான் போடுங்கள். ஒரு எழுத்தைக் குறைத்தாலும் உங்கள் பேர் நாளுக்கெல்லாம் நான் வந்து உட்கார்ந்து இதையே உரக்கச் சொல்லுவேன்.