மாமா என் பின்னால் நின்றார்

நான் ஜெயங்கொண்டத்தில் பிசிக்ஸ் வாத்தியார். பெருநாள் தவிர பள்ளிவாசல் பக்கம் போனதில்லை. நிரூபிக்க முடியாததை எப்படி நம்புவது என்று மனைவியிடம் வாதம் செய்வேன். அவள் சிரித்துக்கொண்டே தொழப் போய்விடுவாள்.

அவளுடைய அத்தா, என் மாமா, மறதி நோயோடு எங்களுடன் இருக்கிறார். மகள் பெயர்கூட அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் எழுந்து தொழ நிற்பார். பாதியில் ஓத மறந்துபோய் முதலிலிருந்து தொடங்குவார். முடிக்க முடியாமல் அழுவார்.

பார்க்கப் பொறுக்காமல் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். "புத்தி தடுமாறுனவங்களுக்குத் தொழுகை கடமையில்ல தம்பி. அல்லாஹ் கணக்குக் கேக்க மாட்டான்" என்றார்.

நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுந்த மாமாவின் கையைப் பிடித்து, "உங்களுக்கு இனிமே தொழுகை இல்லையாம் மாமா, உக்காருங்க" என்றேன்.

"அப்பறம் ஏன் தம்பி என்னையக் கூப்புடுறாங்க?"

பிடித்திருந்த கையை விட்டேன்.

"நீங்க முன்னாடி நில்லுங்க. நான் பாத்துப் பாத்து செஞ்சுக்கறேன்" என்றார்.

முகம் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு நின்றேன். சிறுவயதில் மதரசாவில் படித்த குர்ஆன் சூராக்கள் எப்படியோ வந்தன. நான் குனிந்தபோது அவரும் குனிந்தார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால், மாமா அழாமல் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா ஓதுறீங்க. யாரு வூட்டுப் புள்ள நீங்க?"

வாசலில் நின்ற மனைவி, "நம்ம வூட்டுப் புள்ளதான் அத்தா" என்றாள்.

எனக்கு இன்னும் கேள்விகள் இருக்கின்றன. ஆனால் அவர் மீது இல்லாத கடமை என் மீது இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் எங்கும் நிற்காமல் வந்துவிடுகிறேன். மாமா எனக்காகக் காத்திருப்பார்.