சவுக்காரத் தண்ணியில் ஓடிய கார்

மன்னாரில் பிரேக் பரிசோதிக்கத் தனியாக ஆள் தேவையில்லை, கழுதைகள் இருக்கின்றன. நடுவீதியில் வந்து நின்று, நீங்கள் நிற்கிறீர்களா என்று பார்ப்பது அவற்றின் உத்தியோகம்.

அப்போது நான் பள்ளிமுனையில் ஒருவருடைய வளவில் தங்கியிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். பிறகு வள்ளம், ஐஸ் தொழிற்சாலை, வவுனியாவில் ஒரு கராஜ் என்று எதிலும் நிலைக்கவில்லை. வீட்டுக்காரரின் பழைய காரின் பின் இருக்கைதான் என் கட்டில். விலாவில் ஒரு கம்பிச்சுருள் குத்தும். திரும்பிப் படுத்தால் இன்னொன்று குத்தும். மழைக்கு ஒழுகாது என்பதால் நல்ல இடம்.

விடிந்தால் அவருடைய மகளுக்குக் கல்யாணம். அந்தக் காரில்தான் மாதா கோயிலுக்குப் போகவேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். பிரேக் பெடலோ மிதித்தால் தரைவரை போய்த் தூங்கியது.

“ரெண்டுதரம் அமத்தினாப் பிடிக்கும், பிள்ளை.”

“முதல்தரம் அமத்தேக்க முன்னுக்கு ஆள் நிண்டா? நான் ஓட்டோவில போறன், அப்பா. எனக்குக் கல்யாணம் வேணும், செத்தவீடு வேண்டாம்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. சண்டைக்காலம் முழுக்க ஓடிய கார். மகள் ஓட்டோவில் போய் இறங்கினால் அவர் எந்த முகத்தோடு கோயிலுக்குள் போவது?

“தம்பி, நீ கராஜில நிண்டனீதானே?” என்று என் பக்கம் திரும்பினார்.

நின்றதுதான். சம்பளம் கேட்கும்வரை நிற்கவிட்டார்கள்.

பிரேக் குழாயில் காற்றுப் புகுந்தால்தான் பெடல் இப்படித் தொய்யும். காற்றை எடுக்க இருவர் வேண்டும். ஒருவர் மிதிக்க, மற்றவர் காருக்குக் கீழே சில்லடியில் கிடந்து ஒரு சின்ன ஆணியைத் திறந்து பூட்டவேண்டும். மற்றவர்கள் எல்லோரும் பலகாரச் சட்டியோடு நின்றதால் மிதிக்க வந்தது கல்யாணப்பெண்தான். எண்ணெயோடு குமிழி வந்தது. திரும்பவும் வந்தது. நாலு சில்லும் முடிந்தும் ஓயவில்லை.

“அண்ணா, மன்னார்க் காத்து முழுக்க இதுக்குள்ளயோ?”

வந்த எண்ணெயை விரலில் தேய்த்தேன். சோப்புப் போல நுரைத்தது. எலுமிச்சை மணத்தது. என் எட்டாம் வகுப்பு அறிவுக்கே அது சரியாகப் படவில்லை.

“அண்ணை, இதுக்குள்ள என்ன விட்டனியள்?”

“குறைஞ்சு கிடந்தது. கொஞ்சம் சவுக்காரத் தண்ணி விட்டனான்,” என்றார் பெருமையாக. “பொருளாதாரத் தடை நேரம் பிரேக் ஒயில் எங்க வந்தது? அதிலதானே ஓடினனாங்கள்!”

“சண்டை முடிஞ்சிட்டுது, அப்பா. காருக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ,” என்றாள் மகள்.

டவுனுக்குப் போய்ப் புது எண்ணெயும் ரப்பர்களும் வாங்கிவந்தேன். குழாய்களைக் கழுவினேன். பெடலின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி ரப்பர் மாற்றினேன். காரில் பூட்டுவதற்கு முன் அதற்குள் இருக்கும் காற்றைத் தனியாக எடுக்கவேண்டும். வள்ள எஞ்சின் திருத்தும் அயலவரின் மேசையில் அதை இறுக்கி, எண்ணெய் வெளியேறும் குழாயை அதன் எண்ணெய்க் கிண்ணத்துக்குள்ளேயே திருப்பிவிட்டு, உள்ளிருக்கும் பிஸ்டனை ஒரு தடியால் மெல்லமெல்லத் தள்ளினேன். ஒருதரம் அவசரப்பட்டேன். எண்ணெய் கண்ணுக்குள் போனது. கழுவிவிட்டு மறுபடி தள்ளினேன். குமிழி அடங்கியது. பூட்டி, சில்லுகளிலும் மறுபடி காற்றெடுத்தபின் பெடல் கல்லாக நின்றது.

மகள் நம்பவில்லை.

“அப்பா, நீங்கள் ரோட்டில நில்லுங்கோ. அண்ணா காரைக் கொண்டு வரட்டும்.”

“எனக்கு முழங்கால் நோ, பிள்ளை.”

“அப்ப எனக்கு ஓட்டோ.”

போய் நின்றார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நின்றார். நான் வந்து ஒரே மிதி மிதித்தேன். அவர் வயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. அதற்கு முதலே ஒரு கழுதைக்கு முன்னால் பரிசோதித்துவிட்டேன் என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

“பாத்தியே, நான் அசையேல்ல!”

“கால் வந்தாத்தானே அசைய,” என்றாள் மகள்.

மறுநாள் அந்தக் காரில்தான் போனாள். சந்தியில் கழுதை நின்றது, நானும் நின்றேன். கோயில் வாசலில் எஞ்சினை நிறுத்தித் திறப்பை உருவினேன். இறங்கியதும் அவர் சொந்தக்காரருக்கு விளக்கத் தொடங்கினார்: “எல்லாம் சவுக்காரத் தண்ணியின்ர வேலை.”

மகள் முகத்திரையைக் கொஞ்சம் தூக்கினாள்.

“அண்ணா, கார்த் திறப்பை மட்டும் இவரிட்டக் குடுத்திடாதேங்கோ.”