ஒரே துணியில் தைத்த தீபாவளி

கத்தரிப்பூ நிறம். அதில் மிளகு அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள். எங்கள் மாதர் சங்கக் கூடத்தில் அந்தத் துணிக்கட்டை அவிழ்த்து உதறியபோது சுற்றி நின்ற அத்தனை பேரும் அழகாக இருக்கிறது என்றோம். கெட்டித் துணி, சாயம் போகாது, மொத்தமாக எடுத்ததில் மலிவும் கூட. தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அம்பத்தூரில் ஒரு தனியார் தொழிற்சாலையைக் கதவடைப்பு செய்து மாதக்கணக்கில் திறக்காமல் போட்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் கள்ளிக்குப்பத்தில் குடியிருந்தார்கள். அந்த வீடுகளில் இந்த வருடம் தீபாவளி கிடையாது என்று கேள்விப்பட்டு, பிள்ளைகளுக்காவது புதுத்துணி தைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தோம். தையற்காரர் ஒருவர் பையன்களுக்குச் சட்டையும் பெண்களுக்குக் கவுனும் பாவாடையுமாக அந்தக் கட்டு முழுவதையும் வெட்டித் தைத்தார்.

அந்த வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தவளைக் குடியிருப்பில் எல்லோரும் செக்ரட்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சேலம் பக்கத்துக்காரி. கணவர் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காரமாட்டாள். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பாள். பேச்சு ஓரிடத்தில் இருக்க, கண் வேறு எதையோ தேடிக்கொண்டிருக்கும். "எதையோ விட்டுட்டோம்டி" என்பது அவள் அடிக்கடி சொல்லும் வார்த்தை. ஊருக்குக் கிளம்பி பஸ் ஏறிய பிறகு கேஸை அணைத்தோமா என்று ஒரு சந்தேகம் வருமே, அவளுக்கு அந்தச் சந்தேகம் எந்நேரமும் இருந்தது. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பகலெல்லாம் பேச ஆளில்லாமல் கிடந்த என்னை, "சும்மாதானே இருக்க, கிளம்பு" என்று சங்கத்துக்குள் இழுத்துவிட்டவளும் அவள்தான்.

அப்போதெல்லாம் பண்டிகைக்கு உதவுவது அவரவர் பாட்டுக்குச் செய்கிற காரியம். தீபாவளிக்கு நாங்கள். கிறிஸ்துமஸுக்கு அம்பத்தூரில் ஒரு தேவாலயத்துச் சங்கம். பொங்கலுக்கு ஒரு கோவில் குழு. ரம்ஜானுக்குப் பூந்தமல்லியின் துணி வியாபாரிகள் சிலர். அந்த வருடங்களில் ரம்ஜானும் குளிர்காலத்தில் வந்ததால் மூன்று மாதத்துக்குள் எல்லாமே அடுத்தடுத்து நடந்து முடிந்துவிடும். ஒருவர் கொடுப்பது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லா வண்டிகளும் பெரிய ரோட்டை ஒட்டிய தெருவிலேயே நிற்கும். அங்கே ஒரே வீட்டில் போர்வைகள் அடுக்கியிருக்கும். அண்ணனூரில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த குடிசைகளுக்கு வண்டி போக வழியில்லை என்பதால் யாரும் போனதில்லை. அக்காவுக்கு இது தெரியும். தெரிந்ததிலிருந்து அவளுடைய நடை இன்னும் வேகமாகியிருந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் பந்தல் போட்டு, மேடை போட்டு, மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுத் துணிகளைக் கொடுத்தோம். எங்கள் தலைவி ஓர் அதிகாரியின் மனைவி, நல்ல மனசுக்காரி. ஒவ்வொரு பிள்ளையையும் தோளில் தட்டிக்கொடுத்து, போட்டோவுக்காகக் கொஞ்சம் நிறுத்திவைத்து, பிறகு அனுப்பினாள். தள்ளுமுள்ளு இல்லை, யாரும் விட்டுப்போகவில்லை. எல்லோரும் மனம் நிறைந்து வீடு திரும்பினோம். அக்கா மட்டும் பந்தல் பிரிக்கிற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு டப்பா நிறைய முறுக்கு. "கள்ளிக்குப்பம் வரைக்கும் போய்ட்டு வந்துரலாம், வா" என்றாள். பண்டிகை நாளில் எங்கே போகிறீர்கள் என்று என் கணவர் கேட்டதற்கு, "புள்ளைங்க துணி உடுத்தியிருக்கிறதப் பாத்துட்டு வந்துர்றோம் தம்பி" என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிவிட்டாள்.

வெடித்த காகிதம் தெருவெங்கும் சிவப்பாகக் கிடந்தது. முதல் முனையிலேயே எங்கள் கத்தரிப்பூக் கவுன் ஒன்று ஓடியது. "நம்ம துணி!" என்று அக்கா என் கையைப் பிடித்தாள். அடுத்த வீட்டு வாசலில் ஒரு சட்டை. குழாயடியில் இரண்டு பாவாடை. திரும்பிய பக்கமெல்லாம் அதே நிறம், அதே புள்ளி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது பெட்டிக்கடை ஓரத்தில் வெடி வைத்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் கத்தினான். "டேய் மச்சான், அங்க பார்றா, தர்மத் துணி வந்துகினு கீது!" எதிரே வந்துகொண்டிருந்த சின்னப் பையன், கத்தரிப்பூச் சட்டை போட்டவன், இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துச் சட்டையை மறைத்துக்கொண்டான். எவ்வளவு மறைக்க முடியும்? திரும்பி வீட்டுக்குள் ஓடிவிட்டான். என் கையைப் பிடித்திருந்த அக்காவின் பிடி தளர்ந்தது.

சந்தின் கோடியில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் கதவடைத்த தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். வாசலில் அவருடைய பெண், பத்து வயதிருக்கும், தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு பழைய பள்ளிக்கூடப் பாவாடை சட்டையில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் அம்மா பதறிப்போய் எழுந்தாள்.

"வாங்கக்கா, உள்ள வாங்க. இவளப் பாருங்க, இன்னா கொழுப்பு பாத்தீங்களா! காலீலேர்ந்து சொல்லிகினே கீறேன், போட மாட்றா."

"ஏன் கண்ணு, அளவு சரியில்லையா?" என்று அக்கா குனிந்து கேட்டாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எல்லாரும் அதே போட்டுகினு கீறாங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அத்தப் போட்டா ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றாள்.

அம்மாக்காரி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். முறுக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டு நடந்தாள். திரும்பும் பஸ்ஸில் கூட்டமே இல்லை. இருந்தும் ஆவடி வரும்வரை அவள் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இறங்கும்போது, "நாம அந்தப் புள்ளைங்க மேல பெயிண்ட் அடிச்சு அனுப்பிட்டோம்டி" என்றாள்.

அதன் பிறகு அவள் வீட்டில் தங்கவே இல்லை. தேவாலயத்துப் பாதரைப் போய்ப் பார்த்தாள். கோவில் குழுவைப் பார்த்தாள். பூந்தமல்லியில் ரம்ஜான் உதவிகளைக் கவனித்துக்கொண்ட துணிக்கடை பாயைப் பார்த்தாள். எல்லா இடத்துக்கும் நானும் கூடப் போனேன். எல்லோரிடமும் அவள் கேட்டது ஒன்றுதான். எந்தக் குடும்பத்தை யார் பார்த்துக்கொள்வது என்று முன்னாலேயே கூடிப் பேசிக்கொள்வோம், ஒரே வீட்டில் நாலு பேர் போய் நிற்க வேண்டாம். மேடை வேண்டாம், மைக் வேண்டாம். அந்தந்தக் குடும்பம் கடைக்குப் போய், பிடித்த துணியை எடுத்துக்கொண்டு வரட்டும்.

கோவில் குழுவினர் தங்கள் தெரு ஜனங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். பாதர் யோசித்து, அண்ணனூர்க் குடிசைகளைத் தேவாலயத்துச் சங்கம் எடுத்துக்கொள்ளும், அங்கே நடந்து போகத் தன்னிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். பாய்தான் தயங்கினார். "ரம்ஜான் நேரத்துல கடையில நிக்கவே இடமிருக்காதும்மா. வர்றவங்க பட்டுல கைய வச்சா நான் என்ன பண்றது?" என்றார். "வேற யாராவது பட்டுல கைய வச்சா என்ன பண்ணுவீங்க?" என்று அக்கா கேட்டாள். பாய் சிரித்துவிட்டு டீ வரவழைத்தார். கூட்டமில்லாத மத்தியான வேளையில் ஒவ்வொரு குடும்பமாக வருவது, கடைப் பையன்களுக்குக்கூட விஷயத்தைச் சொல்வதில்லை, கணக்கை அவரும் சங்கங்களும் பின்னால் பேசிக்கொள்வது என்று அந்த டீ ஆறுவதற்குள் முடிவாயிற்று.

தடங்கல் எங்கள் சங்கத்துக்குள்ளிருந்தே வந்தது. சங்கக் கூட்டத்தில் அக்கா இதைச் சொன்னபோது தலைவி கடைசிவரை பொறுமையாகத்தான் கேட்டாள். "கொடுக்கிறவங்களுக்கு நாம என்ன காட்டுறது? போட்டோ இல்ல, விழா இல்ல. அடுத்த வருஷம் யார் கொடுப்பாங்க?" என்றாள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மேடையில் நிற்கிற பிள்ளையைப் பார்த்தால்தான் கை நீள்கிற மனிதர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அக்காவுக்கு அன்று நிதானம் இல்லை. "போட்டோவுக்கு வேணும்னா நாம அந்தத் துணியப் போட்டுக்கிட்டு நிப்போம்க்கா" என்று சொல்லிவிட்டாள். அடுத்த கூட்டத்தில் செயலாளராக வேறொருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். கையில் பிடித்திருந்த பொறுப்பு போன அன்று அவள் அழுவாள் என்று நினைத்து ஓடினேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "பூந்தமல்லி பஸ்ஸுக்கு நேரமாச்சு, வர்றியா?" என்றாள். நானும் சங்கத்திலிருந்து விலகிக்கொண்டேன்.

பொங்கலும் ரம்ஜானும் நெருங்கி வந்த அந்த மாதத்தில், கள்ளிக்குப்பத்துச் சந்தின் கோடி வீட்டுக்குப் பாதரின் சங்கம் பொறுப்பேற்றிருந்தது. அம்மாவும் பெண்ணும் பாயின் கடைக்கு வந்தார்கள். அப்பா கூடவே வந்தவர் உள்ளே வராமல் எதிர்ச் சாரியில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டார். நானும் அக்காவும் புடவை பார்க்க வந்தவர்கள் போலக் கடையின் இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்திருந்தது நான் மட்டும். அக்கா ஒரு புடவையின் முந்தானையைக் கையில் பிடித்தபடி எழுவதும் அமர்வதுமாக இருந்தாள்.

கடைப் பையன் கவுன்களை எடுத்துப் போட்டான். அந்தப் பெண் முதலில் தொடவே இல்லை. பிறகு ஒன்றை விரித்தாள், பின்பக்கம் திருப்பினாள், வைத்துவிட்டாள். இன்னொன்று. கழுத்தில் ஜிகினா இருக்கிறது, குத்தும் என்றாள். பச்சை வேண்டாம் என்றாள். மஞ்சள் ஒன்றைக் கண்ணாடி முன்னால் வைத்துப் பார்த்து, நீளம் இல்லை என்றாள். குவியல் பெரிதாகிக்கொண்டே போனது. அம்மாவின் முகம் வியர்த்தது. "ஏய், எதுனா ஒன்ன எடுடி, மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பில் கிள்ளினாள். கல்லாவிலிருந்து பாய் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் கல்லாவையே பார்த்தேன். "பாக்கட்டும்மா, பாப்பா பாக்கட்டும். காட்றதுக்குத்தான் கடை" என்றார் அவர்.

கடைசியில் அந்தப் பெண் குவியலை ஒரு தரம் பார்த்தாள். "எதுவும் புடிக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து, வாசலில் கழற்றிப்போட்ட செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அம்மா எங்கள் பக்கம் திரும்பிய பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்குள் பாய் கல்லாவைவிட்டு எழுந்து, எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லுகிற குரலில், "நாளன்னிக்குப் புது சரக்கு வருதும்மா. வெயில் தாழ வாங்க, நிதானமா பாக்கலாம்" என்றார். கடைப் பையன் முணுமுணுத்தபடி கவுன்களை மடிக்கத் தொடங்கினான். அக்கா தன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிய, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தாள். எதிர்ச் சாரியில் அப்பா பீடியைப் போட்டுவிட்டு மகளிடம் குனிந்து என்னவோ கேட்டார். அவள் கையை விரித்து விரித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டினார்.

சொன்ன நாளில் மறுபடி வந்தார்கள். இந்த முறை அப்பாவும் உள்ளே வந்து உட்கார்ந்தார். வெளிர்நீலத்தில் சின்ன மயில் போட்ட ஒரு கவுனை அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். அப்படி ஒரு கவுன் கள்ளிக்குப்பத்தில் வேறு யாரிடமும் இருந்திருக்காது. அந்த ஏற்பாடு சில வருடங்கள் நடந்தது. அடுத்த வருடம் கோவில் குழுவும் வந்து சேர்ந்தது. எங்கள் பழைய சங்கம் கடைசிவரை சேரவில்லை. கணவர் ஓய்வு பெற்றதும் அக்கா சேலத்துக்குப் போனாள். அம்பத்தூர்த் தொழிற்சாலை திறக்கவே இல்லை. அந்தப் பெண்ணின் குடும்பம் மாங்காட்டுப் பக்கம் குடிபோய்விட்டதாகச் சொன்னார்கள், அதற்கு மேல் தெரியாது.

போன தீபாவளிக்கு முன்பு எங்கள் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் உதவி வழங்கும் விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஏற்பாடு மிக நேர்த்தி. எந்தக் குடும்பத்துக்கும் இரண்டு முறை கிடைக்காதபடி எல்லாம் கணினியில் பார்த்துவிடுகிறார்கள். நாங்கள் பஸ் ஏறி அலைந்தது இப்போது ஒரு விரல் அழுத்தத்தில் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் ஒரே மாதிரிப் பைகளோடு வரிசையாக மேடையில் நிற்க, கீழேயிருந்து கைபேசிகள் உயர்ந்தன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதியிலேயே வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். எண்பதை நெருங்குகிறாள், முழங்கால் வலி, ஆனால் குரலில் அதே அவசரம். எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டாள்.

"ஒரு புள்ளையாவது எனக்கு இது வேணாம்னு சொல்லிச்சா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"நீ ஏன் வெளிய நிக்கிற? உள்ள போய், அத நடத்துறவங்க யாருன்னு கேட்டு, அவங்ககிட்ட போனக் குடு" என்றாள்.

நான் மண்டபத்துக்குள் திரும்பிப் போனேன்.