மொட்டை மாடியில் ஒரு திறப்பு விழா

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் இந்த நகரத்தில் எந்த வீட்டு மாடியில் எந்தச் செடி பூத்தாலும், அது என் நர்சரியில் கண்விழித்த செடி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். தலையில் எரு மூட்டை சுமந்தவன் இன்று வரிசையாக நிழல்வலைக் கொட்டகைகளுக்கு முதலாளி. ஒருத்தனும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. அதனால் என் தங்கையின் கணவரைப் பற்றி எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வேலை பார்த்தது ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டுக்குள். பித்தானை அமுக்கும் உத்தியோகம். ஜன்னல் கிடையாது. வானத்தைப் பார்க்காமலே பாதி ஆயுள் போனது. அப்படிப்பட்ட மனிதருக்கு அங்கே வைத்த பட்டப்பெயர் 'வானிலை'. லிஃப்டில் ஏறுகிறவர்களுக்குப் பேச வேறு என்ன இருக்கிறது? கீழே ஏறியவர் "புழுக்கம் தாங்கல" என்று சொன்னதை, மேலே ஏறுகிறவரிடம் தன் சொந்தக் கண்டுபிடிப்பாக ஒப்படைப்பார். யாராவது நனைந்த குடையோடு வந்தால் "நான் சொல்லல?" என்பார். சொல்லாத நாளிலும் அப்படித்தான் கேட்பார்.

ஓய்வு பெற்றதும் அவருடைய ஞானம் முழுவதும் தோட்டத்தின் மேல் இறங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியை ஒரு வருஷத்துக்குத் தரும்படி சங்கத்தாரிடம் மன்றாடி வாங்கினார். வருஷ முடிவில் எல்லோரும் மேலே வந்து பார்ப்பார்கள். தோட்டம் தேறினால் மாடி அவருக்கு. தேறாவிட்டால் துணிக்கொடி கட்டக் காத்திருக்கும் செயலாளருக்கு.

எங்கள் நகரத்தின் லட்சணத்தைச் சொல்லவேண்டும். கோடையில் காற்றைப் பிழிந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். ராத்திரியிலும் வெக்கை இறங்காததால் தக்காளி கொத்துக் கொத்தாகப் பூத்து, பூவாகவே கொட்டிப்போகும். மழை தொடங்கினால் இலைக்கு இலை பூஞ்சை. மழை ஓய்ந்த பிறகுதான் செடி வைக்கிறவனுக்கு நல்ல காலம். குளிர்காலம் இதமானதுதான். ஆனால் எப்போதாவது ஒரு ராத்திரி உறைபனி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மறுநாளே வெயில் ஒன்றும் நடக்காதது போலப் பல்லைக் காட்டும்.

மாப்பிள்ளை முதலில் கொளுத்தும் கோடையில் தக்காளி நட்டார். வேண்டாம் என்றேன்.

"மச்சான், நீங்க செடி விக்கிறவர். நான் வளக்குறவன். ரெண்டும் வேற வேற."

அத்தனையும் கொட்டியது. மழைக்குப் பிறகு, வேறு வழியில்லாமல் என் பேச்சைக் கேட்டு நட்டார். தக்காளி, பீன்ஸ், குடைமிளகாய், கீரை எல்லாம் ஜம்மென்று வந்தன. என் பேச்சைக் கேட்டால் வராமல் எங்கே போகும்?

சங்கத்தார் பார்க்க வருவதற்கு முந்தின நாள் மாப்பிள்ளை நர்சரிக்கு ஓடிவந்தார்.

"மச்சான், இன்னைக்கு ராத்திரி உறைபனியாம், ரேடியோல சொல்லிட்டான். பெரிய பிளாஸ்டிக் ஷீட்டா ஒண்ணு கொடுங்க."

"போர்வையப் போட்டு மூடுங்க மாப்ள. துணின்னா செடி மூச்சு விடும்."

"போர்வையக் கேட்டா உங்க தங்கச்சி என்னையே மூடிருவா."

"சரி, எடுத்துட்டுப் போங்க. ஆனா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி உருவிடணும். இல்லேன்னா உள்ள ஆவி கட்டி எல்லாம் அவிஞ்சிரும்."

"எனக்கேவா வானிலை சொல்றீங்க?" என்று சிரித்தபடி ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு போனார்.

காலையில் நான் போனபோது மாடிக் கைப்பிடிச் சுவரில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. ஷீட்டுக்குள் செடிகள் பச்சைப் பசேலென்று இருந்தன. மாப்பிள்ளை பனியனுக்கு மேல் மஃப்ளர் சுற்றி, மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றார்.

"பனிக்குத் தப்பிச்சாச்சுல்ல, உருவுங்க."

"இப்பவா? எல்லாரும் வரட்டும் மச்சான். அவங்க கண்ணு முன்னாடி உருவணும், சிலை திறக்குற மாதிரி. அப்பதான் செயலாளர் மூஞ்சி செத்துப்போகும்."

"வெயிலு சுள்ளுனு அடிக்குதே!"

"நாள் பூரா குளிர்னு சொல்லியிருக்கான்." சொல்லும்போதே மஃப்ளரால் வியர்வையைத் துடைத்தார்.

நான் ஷீட்டில் கை வைக்கப் போனேன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார், லிஃப்ட் நிறைந்துவிட்டது என்று ஆளைத் தடுக்கிற பழக்கம்.

சங்கத் தலைவர் வரத் தாமதமானது. அவருடைய சட்டை காயவில்லையாம், இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. ஷீட்டின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்து, பிறகு மங்கி, உள்ளே இருப்பது எதுவும் தெரியாமல் போனது. ஒரு வழியாகக் கூட்டம் சேர்ந்ததும் மாப்பிள்ளை உரை நிகழ்த்தினார். பனியை முன்கூட்டியே கண்டுகொண்டது, தனியாளாகப் போராடியது எல்லாம் வந்தன. ஷீட் கொடுத்த என் பெயர் வரவில்லை. பிறகு மேஜைவிரிப்பை உருவுகிற வித்தைக்காரர் மாதிரி ஒரே இழுப்பாக இழுத்தார்.

ஆவி குப்பென்று கிளம்பிச் செயலாளரின் கண்ணாடியை மூடியது. கீரை வெந்த வாசனை மாடி முழுக்கப் பரவியது. தக்காளிச் செடிகள் துவைத்துப் போட்ட துணி மாதிரி தொட்டி விளிம்பில் கிடந்தன.

"உப்பு போட்டாச்சா அண்ணே?" என்றாள் கீழ்வீட்டு அம்மாள். மாடியே அதிர்ந்தது.

"வேர் நல்லாத்தான் இருக்கு! மறுபடி துளுக்கும்!" என்று மாப்பிள்ளை கத்தினார். அவர் மேல் இரக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். கை தூக்கச் சொன்னபோது இரண்டு பக்கமும் சமமாக நின்றது. பாக்கி இருந்தது என் தங்கை ஒருத்திதான். நான் ஒற்றைக்காலில் நின்று அந்த வீட்டை அவள் பெயரில் பதியவைத்தவன். சங்கத்தில் வீட்டுக்கு ஒரு வாக்கு, ஆகவே அது அவளுடையது. மாப்பிள்ளை நிம்மதியாக மூச்சுவிட்டு அவளைப் பார்த்தார்.

"கொடி கட்டட்டும்" என்றாள்.

"என்னடி சொல்ற நீ?"

"நாலு நாளா உங்க பனியன் காயல. ஈரப் பனியனோட நின்னு வெயிலப் பத்திப் பேசுறீங்க, கிட்ட வர்றவங்க மூக்கப் பொத்துறாங்க. ஒரு வருஷம் பொறுத்துட்டேன், போதும்."

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து ஒரு பீன்ஸ் கொடியை நிமிர்த்தினார். அது மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார். நான் அவர் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"விடுங்க மாப்ள. என் நர்சரில ஒரு பாத்தி முழுசா எடுத்துக்கோங்க. காசு வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"உங்க நர்சரி பள்ளத்துல இருக்கு மச்சான். குளிர் வந்து தேங்குற இடம். அங்க எவன் செடி வைப்பான்?"

என் நர்சரியை! என் முகத்துக்கு நேரே!

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து, கயிறும் கையுமாக நின்ற செயலாளரிடம் போய்விட்டார். "அப்படிக் கட்டாதீங்க சார், காத்து இந்தப் பக்கமாத்தான் வரும். கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க." செயலாளரும் தள்ளிக் கட்டினார். என் தங்கை கையை நீட்ட, மாப்பிள்ளை பனியனைக் கழற்றிக் கொடுத்தார். அதுதான் அந்தக் கொடியில் ஏறிய முதல் துணி. வெறும் உடம்பில் மஃப்ளரோடு அதன் கீழே நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும் பாருங்க."