அக்கா வாரத்துக்கு விட்ட கோழிகள்

அக்காவின் முதலாமாண்டு நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அத்தான் என்னிடம் கேட்டபோது, பொறுமை, அடக்கம், இன்சொல் என்று மூன்று தலைப்புகளையும் அவரே சொல்லிவிட்டார். அத்தனை ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனிதர் சொல்கிறாரே என்று உடனே மறுக்கவும் முடியவில்லை. ஆனால் அக்காவிடம் பொறுமை இருந்ததென்றால் அது கோழிகளிடம் மட்டும்தான். அடக்கம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்சொல்லைப் பற்றி உடன்பிறந்த தங்கையாகிய என்னிடம் கேட்காமல் இருப்பதே நல்லது. ஆகவே எனக்குத் தெரிந்த அக்காவை எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

அக்கா, கீரமங்கலத்தை அடுத்த சிற்றூரில், பூந்தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். விடியுமுன் மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டு, என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். பத்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. நான் படித்து ஆசிரியை ஆனேன். பொன்னமராவதிப் பக்கம் அவர் வாழ்க்கைப்பட்டுப் போன சில ஆண்டுகளில் கிணறு வற்றியது, கடலையும் பொய்த்தது. அத்தான் வேலை தேடித் திருப்பூர் போனார். அந்த நேரத்தில், ஒன்றுவிட்ட மாமா ஒருவர் ஒரு சேவலையும் ஒரு பெட்டையையும் அக்காவிடம் கொடுத்து வளர்க்கச் சொன்னார். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் கொடுத்தார். இருந்தாலும் அவர் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அவை கிளிமூக்கு விசிறிவால் இனத்துக் கோழிகள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அலகு கிளியின் மூக்கைப் போல் வளைந்திருக்கும். வால் நீண்டு விசிறியாக விரியும். சேவல் கழுத்தை நீட்டி நின்றால் என் இடுப்புக்கு வரும். வேறு கோழி கலக்காமல் வம்சத்தைக் காத்தால்தான் அதற்கு மதிப்பு. அக்கா காத்தார். அந்த முட்டைகளையும் குஞ்சுகளையும் விற்றுத்தான் பிள்ளைகள் இருவரையும் படிக்க வைத்து ஆளாக்கினார். இதை யாரும் மறுக்க முடியாது. நானும் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கோழிகளை வைத்துக்கொண்டு அவர் எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே! என் மகள் திருமணத்தன்றே சேவல் கண்காட்சியும் வந்தது. பெரியம்மா இல்லாமல் எப்படி என்று மகள் அழுதாள். தாலி கட்டி முடிந்து, பந்தியும் பாதி நடந்த பிறகு அக்கா வந்து சேர்ந்தார். ஒரு கையில் பரிசுக் கோப்பை, மறு கையில் செவலைச் சேவல். மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் அதைக் கட்டிப் போட்டுவிட்டு இலையில் உட்கார்ந்தார். சம்பந்தி வீட்டார் மொய் எழுதப் பயந்து தள்ளி நின்றார்கள். இதுதான் வருகிற நேரமா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

“தாலி கட்ட மாப்ள இருக்காரு. சேவலத் தூக்கிக் காட்ட என்னைய விட்டா யாருடி இருக்கா?” என்றார்.

முட்டை அனுப்புவது இன்னொரு கூத்து. வெளியூர்க்காரர்கள் அடைவைக்கக் கேட்கும் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றி, கூர்முனை கீழாக இருக்கும்படி உமியில் புதைத்து, வாளியைத் துணியால் கட்டிப் பேருந்தில் ஏற்றுவார். ஏற்றிவிட்டு இறங்கினால்தானே! “தம்பி, இஞ்சினுக்கு மேல வச்சிராதீங்க, வெந்துரும். காலுக்கிட்ட வைக்காதீங்க, மிதிச்சிருவாங்க. ஒங்க மடியில வச்சுக்கிட்டா என்ன?” என்று நடத்துனரிடம் மன்றாடிக்கொண்டிருப்பார். பயணிகள் சத்தம் போடுவார்கள். ஊருக்கு வந்திருந்த நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். முட்டை போய்ச் சேர்ந்ததும் வாங்கியவரைப் போனில் அழைப்பார். “ஒடனே அடைவச்சிராதீங்க. இம்புட்டுத் தூரம் குலுங்கி வந்துருக்கு. அலுப்புத் தீரட்டும், நாளைக்கு வைங்க.”

“முட்டைக்கு அலுப்புத் தீரணும். நீ எப்ப ஒக்காருவ?” என்று கத்துவேன். “ஒக்காந்தா கோழிக்கு யாரு தண்ணி வைக்கிறது?” என்பார்.

பிறகுதான் இருமல் தொடங்கியது. புகை என்றார், பனி என்றார், சளி என்றார். நான்தான் புதுக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய மருத்துவரிடம் காட்டினேன். கோழியின் இறகுத் தூசியும் எச்சத் தூசியும் சேர்ந்து நுரையீரலை இறுக்கிக்கொண்டே வருகின்றன என்று அவர் சொன்னார். கோழிகளை விட்டு விலகினால் மூச்சு பிழைக்கும், விலகாவிட்டால் தம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். “சரிங்க சார்,” என்றார் அக்கா. அவர் வாயில் அப்படி ஒரு சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை.

ஊர் திரும்பியதும் வருகிறவர்களிடமெல்லாம் கோழிகளைக் கொடுத்தனுப்பினார். கூடுகள் காலியாயின. முற்றத்தைக் கழுவிவிட்டோம். இருமல் குறைந்தது. என் வீட்டு மாடிப்படியில் நிற்காமல் ஏறினார். பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டேன். அக்கா பிழைத்துவிட்டார் என்றே நம்பினேன்.

சில மாதங்கள் கழித்து நான் அங்கே போயிருந்த ஒரு நாள், கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் வந்தார். கையில் தெர்மாகோல் மீன்பெட்டி. மீன் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துச் சட்டி எடுக்கப் போனேன். பெட்டிக்குள் கீச் கீச் என்று சத்தம் கேட்டது.

“அக்கா, பொரிச்சதுல ஒங்க பங்குங்க இது. நல்ல பாதியாப் பாத்துத்தான் பிரிச்சேன்,” என்றார் அவர்.

எங்கள் பக்கத்தில் ஆடு, மாடு, கோழிகளை வாரத்துக்கு விடுவது வழக்கம். இன்னொருவர் வாங்கிப்போய் வளர்ப்பார். பிறப்பதில் பாதி உடையவருக்கு வந்து சேரும். அக்கா ஒரு கோழியைக்கூட விற்கவில்லை. எல்லாவற்றையும் வாரத்துக்கு விட்டிருக்கிறார். நான் குடியிருக்கும் கீரமங்கலத்தில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக்கூட, அவருடைய பெட்டை ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரியும். சிதறுகாய் போட்டவளுக்கு மட்டும் தெரியாது.

“ஒனக்கு உசுரு பெருசா, கோழி பெருசா?” என்று கேட்டேன். பாய் மெல்ல வாசலுக்கு நகர்ந்துவிட்டார்.

“மொத்தத்தையும் வித்துட்டா கண்டதோட சேத்து விட்டு வம்சத்த அழிச்சிருவாங்கடி. எம்புள்ளைகளுக்குச் சோறு போட்டதே இதுகதான். ஒன் மாமியாரு இருமுனப்ப வெரட்டியா விட்ட? வச்சுத்தானே பாத்த?”

அவ்வளவுதான். என் மாமியாரும் கோழியும் ஒன்றா என்று கேட்பதற்குள் அவர் குஞ்சுகளுக்கு நொய் போடப் போய்விட்டார். திருப்பூர் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டிருந்த அத்தானைப் பார்த்தேன். அவர் தோள் துண்டை நனைத்து அக்காவின் மூக்கைச் சுற்றிக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இவர்களிடம் நான் என்ன பேசுவது? அடுத்தடுத்துப் பங்குகள் வந்தன. கூடுகள் நிரம்பின. இருமலும் திரும்பி வந்தது.

மருத்துவமனையில் இருந்த கடைசி நாட்களில் அவர் மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மூடி. நான் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சொல் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா, எனக்கு யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் வார்டே திரும்பிப் பார்க்கும்படி பேசினேன். அக்கா மூடியை விலக்கிச் சிரித்தார்.

“எம்புட்டு மூச்சுடி ஒனக்கு! நிறுத்தாம பேசுறியே. நல்லாருப்ப,” என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு இளைத்துவிட்டது. மறுநாள் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அக்காவின் நோய்க்காலத்தில் இரவும் பகலும் உடனிருந்த அத்தானுக்கும், உள்ளதை உள்ளபடி எடுத்துச் சொன்ன மருத்துவருக்கும், வாளிகளைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்த நடத்துனர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாரத்துக்குக் கோழி வாங்கியவர்கள் இனிப் பங்கு கொண்டுவர வேண்டாம், அவை உங்களுடையவை. தயவுசெய்து வேறு கோழியோடு கலந்துவிடாதீர்கள்.

அக்காவுக்கு மட்டும் நான் இங்கே நன்றி சொல்லவில்லை. எங்கள் சண்டை இன்னும் முடியவில்லை. உயிரா கோழியா என்று கேட்டது நான்தான். இப்போது அப்படிக் கேட்க மாட்டேன். கூடு நிறையக் கோழிகளை வைத்துக்கொள், அக்கா. என் வீட்டு மாடியிலும் வைத்துக்கொள். இருமிக்கொண்டாவது இரு.